பழைய ப்ளூஸ் தட்டுகள்: ஒரே பாட்டு ஏன் ஒவ்வொரு வெளியீட்டிலும் வேறு சுருதியில் ஒலிக்கிறது?

#1 ஆறுகம்பி
மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் பாட்டு ஒன்றை மூன்று மறுவெளியீடுகளில் கேட்டால் மூன்றிலும் சுருதி வேறு. கிதாரைச் சேர்த்து வாசித்தால் எதனோடும் ஒட்டுவதில்லை. சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இன்னொரு ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் பதிவுகள் எல்லாமே 20 சதவீதம் வேகமாக ஓடுகின்றன என்று ஒரு வாதம் சுற்றுகிறதே, அதில் சாரம் இருக்கிறதா? கூடவே இன்னொன்று: பாரமவுண்ட் கம்பெனித் தட்டுகளில் மட்டும் ஏன் இவ்வளவு இரைச்சல்?

#2 முள்முனை
முதல் கேள்விக்கு மட்டும் பதில். தட்டின் வேகம் நிமிடத்துக்கு 78 சுற்று என்பது வசதிக்காகச் சொல்லும் எண். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் மின்சாரம். 3600 சுற்று மோட்டாரை 46-க்கு 1 பல்சக்கரத்தில் இறக்கினால் 78.26 வரும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 77.92 என்று வைத்தார்கள். இது பின்னால் வந்த ஒழுங்கு. 1920-களில் பதிவு எந்திரத்தை இயக்கியது பல இடங்களில் மின்மோட்டார் அல்ல, கயிற்றில் தொங்கி மெல்ல இறங்கும் எடைக்கல். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கருவியை யார் எப்படித் திருகி வைத்தார்களோ அதுதான் அன்றைய வேகம். கொலம்பியாவின் பழைய தட்டுகள் 80-க்கு வெட்டப்பட்டவை.

கணக்கு இதோ. ஒரு செமிடோன் (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி, 100 சென்ட்) என்றால் வேகத்தில் 5.95 சதவீதம். 80-க்கு வெட்டியதை 78-இல் ஓட்டினால் 44 சென்ட் இறங்கும், அதாவது கிட்டத்தட்ட அரை செமிடோன். கிதாரோடு ஒட்டாமல் போக அதுவே போதும். 75-க்கு வெட்டியதை 78-இல் ஓட்டினால் 68 சென்ட் ஏறும்.

கண்டுபிடிக்கும் வழி:

முதலில் மேட்ரிக்ஸ் எண்ணைப் பாருங்கள். லேபிளில் பெரிதாக இருக்கும் விற்பனை எண்ணை விடுங்கள். லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் பொறித்த எண்தான் மேட்ரிக்ஸ். அடுத்தடுத்த மேட்ரிக்ஸ் எண்கள் பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே எந்திரத்தில் வெட்டியவை. பிழை இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே அளவு பிழை இருக்கும். அந்த வரிசையில் பியானோவோ ஹார்மோனிகாவோ உள்ள ஒரு பாட்டைத் தேடுங்கள். இரண்டையும் நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. அதை வைத்து வேகத்தைச் சரிசெய்து, அதே திருத்தத்தைப் பக்கத்து எண்களுக்கும் போடுங்கள். கிதார் மட்டும் உள்ள பாட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். அந்தக் காலத்தில் கிதாரை ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவுக்குச் சேர்த்துக்கொண்டு யாரும் உட்காரவில்லை.

அடுத்து, பாட்டின் முதல் கார்டையும் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) கடைசிக் கார்டையும் ஒப்பிடுங்கள். நடுவில் வேகம் நழுவியிருந்தால் ஒரே எண்ணால் திருத்த முடியாது.

சுருதி ஊஞ்சல் ஆடுவது போல வினாடிக்கு 1.3 தடவை ஏறி இறங்கினால் அது பாடகரின் அசைவு அல்ல. நடு ஓட்டை மையத்தில் இல்லை. 78-ஐ 60-ஆல் வகுத்தால் 1.3. தட்டைச் சுழல்மேடையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் தீர்ந்தது.

உங்கள் சுழல்மேடையின் வேகத்தைச் சோதிக்க 77 கோடு உள்ள ஸ்ட்ரோப் தட்டு வேண்டும். மின்விளக்கின் கீழ் சுழலும்போது கோடுகள் நின்றது போலத் தெரிந்தால் வேகம் சரி. வலையில் கிடைப்பவற்றில் பல 92 கோடு கொண்டவை. அவை 60 ஹெர்ட்ஸுக்கு உரியவை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இங்கே உதவாது. எல்ஈடி விளக்கின் கீழ் பெரும்பாலும் கோடு நிற்காது. பழைய குண்டு பல்பு அல்லது மின் டெஸ்டரில் இருக்கும் நியான் விளக்கு போதும்.

#3 ஒன்பதாம்_டேக்
ஜான்சன் விஷயம். 20 சதவீதம் என்பது சின்ன எண் மாதிரித் தெரியும். 0.8-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட நான்கு செமிடோன் குறையும், மூன்று நிமிடப் பாட்டு மூன்றே முக்கால் நிமிடம் ஆகும். மெதுவாக்கிக் கேட்டால் குரல் கனமாக, 'உண்மையாக' இருப்பது போல ஒரு மயக்கம் வரும். எந்தப் பாடகரை மெதுவாக்கினாலும் அப்படித்தான்.

எதிர்வாதம் எளிது. அவர் பதிவுகள் இரண்டு ஊர்களில் நடந்தன: 1936 நவம்பர் 23, 26, 27-இல் சான் அன்டோனியோவின் கன்டர் ஹோட்டல்; 1937 ஜூன் 19, 20-இல் டல்லஸ், 508 பார்க் அவென்யூ. ஏழு மாத இடைவெளி, வேறு கட்டடம். இரண்டு இடத்திலும் அதே 20 சதவீதப் பிழை வர வேண்டும். சான் அன்டோனியோவில் அதே நாட்களில் மெக்சிகப் பாடகர்களும் பதிவானார்கள். அவர்களும் நான்கு செமிடோன் தாழ்வாகப் பாடினார்களா? ஒன்றிரண்டு சதவீத வித்தியாசம் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. 20 என்பது கதை.

அவரைச் சுற்றிய சாத்தான் கதையையும் இதோடு மூட்டை கட்டலாம். 'ஸ்வீட் ஹோம் சிக்காகோ' 1934-இல் கோகோமோ அர்னால்ட் பதிந்த பாட்டின் சட்டகம். '32-20 ப்ளூஸ்' 1931-இல் ஸ்கிப் ஜேம்ஸ் பியானோவில் வாசித்த '22-20 ப்ளூஸ்'. ஜான்சன் அதைக் கிதாருக்கு மாற்றினார். நாற்சந்தியில் நள்ளிரவில் யாரிடமும் ஆன்மாவை விற்க வேண்டியதில்லை, தட்டு வாங்கிக் கேட்டாலே போதும். மற்றவர்களின் தட்டுகளைக் கேட்டு வளர்ந்த முதல் தலைமுறைக் கலைஞர் அவர். அதைத்தான் அவருடைய மேதைமையின் முக்கியமான பாதி என்பேன்.

#4 ஆறுகம்பி
அப்படியென்றால் வாசிக்கிறவனுக்கு எந்த சுருதி அமைப்பு? ஸ்டாண்டர்டில் (இ, ஏ, டி, ஜி, பி, இ) வைத்து எதுவும் சரிவரவில்லை.

#5 கண்ணாடிக்கழுத்து
மூன்றைப் பழகினால் இந்தக் காலப் பாட்டில் பெரும்பகுதிக்கு வாசல் திறக்கும். ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை சொல்கிறேன்.

ஸ்பானிஷ்: டி, ஜி, டி, ஜி, பி, டி. ஆறாவதை, ஐந்தாவதை, முதலாவதை மட்டும் ஒவ்வொரு முழுச் சுரம் இறக்கினால் போதும்.

வெஸ்டபோல்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஆறாவதும் இரண்டாவதும் முதலாவதும் முழுச் சுரம் இறங்க வேண்டும், மூன்றாவது ஒரு செமிடோன்.

கிராஸ்நோட்: வெஸ்டபோலில் மூன்றாவது கம்பியை எஃப்-க்கு இறக்கியது, அதாவது மைனர். ஸ்கிப் ஜேம்ஸின் 'டெவில் காட் மை வுமன்' இதில்தான்.

பெயர்கள் விநோதமாக இருக்கின்றன என்று நினைத்தால், இரண்டும் 19-ஆம் நூற்றாண்டு வரவேற்பறைக் கிதார் உருப்படிகளின் பெயர்கள்: 'ஸ்பானிஷ் ஃபாண்டாங்கோ', 'செபாஸ்டபோல்'. அச்சு நோட்டாக விற்றவை. மிசிசிப்பி வயல்வரப்பில் முளைத்தது என்று நாம் நினைக்கிற டியூனிங், நடுத்தர வர்க்கப் பெண்பிள்ளைகள் கிதார் கற்ற பயிற்சிப் புத்தகம் வழியாகப் பரவியது.

பதிவு ஏ-யில் ஒலித்தால் கம்பியை ஏற்றாதீர்கள். ஸ்பானிஷில் வைத்து இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ (கழுத்தில் மாட்டும் கவ்வி) போடுங்கள். மெல்லிய கட்டுமானக் கிதாரில் மூன்று கம்பியை முழுச் சுரம் ஏற்றினால் பிரிட்ஜ் உரியும், முதலில் மேல்பலகை உப்பிக் காட்டும்.

ஸ்லைடு (கண்ணாடிக் குழாயைக் கம்பி மேல் சறுக்கி) வாசிக்க முதல் கம்பி 0.013 அங்குலம் இருக்கட்டும். 0.010 போட்டால் கண்ணாடி ஃபிரெட்டில் மோதிக் கடகடக்கும். கண்ணாடி ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். விரலால் அழுத்துகிற மாதிரிப் பின்னால் வைத்தால் சுரம் தாழ்ந்து போகும். கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு விரல் கம்பியை மெல்லத் தொட்டு அடக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பலருடைய வாசிப்பில் பேய் மாதிரி ஒரு துணைச்சத்தம் கேட்கிறது.

#6 அரக்கு
பாரமவுண்ட் இரைச்சலுக்கு வருகிறேன். அதற்கு மூன்று காரணம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தது.

கம்பெனி முதலில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை. போர்ட் வாஷிங்டனில் இருந்த விஸ்கான்சின் சேர் கம்பெனி கிராமபோன் பெட்டியும் செய்தது, பெட்டி விற்கத் தட்டு வேண்டும் என்று தட்டும் போட ஆரம்பித்தது. அச்சு ஆலை கிராஃப்டனில். செலவைக் குறைப்பதே குறி. 78 தட்டில் அரக்கு வெறும் பசைதான். எடையில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல் தூள், பருத்தி இழை, புகைக்கரி. நிரப்புத்தூள் கரடாக இருந்தால் தட்டு புதிதாக இருக்கும்போதே 'சர்ர்' என்று இரையும். பாரமவுண்ட் கலவை அப்படி.

இரண்டாவது, அன்றைய எஃகு முள். ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள தலை, மழுங்கிய முள்ளோடு குரூவை (தட்டில் முள் ஓடும் பள்ளத்தை) உழுதுவிடும். நல்ல பாட்டு என்றால் வீட்டில் நூறு தடவை ஓடியிருக்கும். தேய்மானமும் ஒரு வகை விருப்பப் பட்டியல்தான்.

மூன்றாவதுதான் ஈடுசெய்ய முடியாதது. அன்றைய முறையில் ஊசி கனமான மெழுகுத் தட்டில் வெட்டும். அந்த மெழுகைத் திரும்ப ஓட்டிக் கேட்டால் பாழாகும், அதனால் கேட்காமலே மின்முலாம் பூசி உலோக நெகட்டிவ் எடுப்பார்கள். அதிலிருந்து தாய்த்தட்டு, அதிலிருந்து அச்சுத்தட்டு. உலோகம் மிஞ்சியிருந்தால் இன்றைக்கும் புதுசு போல எடுக்கலாம். பாரமவுண்ட் 1932-இல் பதிவை நிறுத்தியது, பின்னால் கடையையே மூடியது, உலோகம் பழைய இரும்பு விலைக்குப் போனது. ஆக பேட்டன், சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ், கீஷி வைலி எல்லோருடைய பாரமவுண்ட் பதிவுகளும் இன்று நமக்குக் கிடைப்பது யாரோ வீட்டில் தேய்ந்து எஞ்சிய தட்டிலிருந்து மட்டும்தான். வைலியின் 'லாஸ்ட் கைண்ட் வேர்ட்ஸ் ப்ளூஸ்' உலகத்தில் பத்துப் பிரதிகூட இல்லை. வில்லி பிரவுனின் 'கிக்கிங் இன் மை ஸ்லீப் ப்ளூஸ்' ஒரு பிரதிகூட அகப்படவில்லை.

#7 சுத்தஒலி
இரைச்சலை எடுக்க இப்போது மென்பொருள் வந்துவிட்டதே. அழுத்தமாக ஒரு தடவை ஓட்டினால் பளிச்சென்று ஆகிவிடும்.

#8 முள்முனை
அந்தப் பளிச்சில்தான் கிதாரின் நகச்சத்தம் செத்துப்போகிறது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் மின்பதிவு முறை (1925 முதல்) ஏறத்தாழ 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை பிடித்தது. கம்பியைக் கிள்ளும் 'டக்', உச்சரிப்பின் 'ஸ', எல்லாம் 3000-க்கு மேல், இரைச்சலோடு ஒரே அறையில் குடியிருக்கின்றன. குடித்தனக்காரரைக் காலி செய்தால் வீட்டுக்காரரும் போவார். பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஆகும்.

வரிசை முக்கியம். பலர் கெடுப்பது அதில்தான்.

கழுவுதல்: காய்ச்சி வடித்த நீர், ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான தூரிகை, பிறகு வெறும் வடிநீர். ஆல்கஹால் கூடவே கூடாது. அரக்கு அதில் கரையும். கடையில் விற்கும் எல்பி சுத்திகரிப்பான் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும், லேபிளைப் படியுங்கள். லேபிள் நனையக் கூடாது. கொலம்பியா, பிந்தைய ஓக்கே கம்பெனித் தட்டுகள் நடுவில் காகிதம் வைத்த அடுக்குத் தட்டுகள். ஓரம் விரிந்திருந்தால் நீர் உள்ளே போய் உப்பும். எடிசன் டயமண்ட் டிஸ்க், அசிடேட் தட்டு இரண்டையும் நனைக்கவே வேண்டாம்.

முள்: எல்பி முள் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78 குரூவின் அடியில் போய் அழுக்கை உரசிக்கொண்டு கிடக்கும். 3 மில் வாங்குங்கள், முடிந்தால் 2.5, 3.5 இரண்டும் கூட. பழைய எஃகு முள் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். அளவு மாற்றினால் தேயாத சுவரில் உட்காரும். எந்த மென்பொருளும் செய்யாத வேலையை இது செய்யும். அழுத்தம் 3 முதல் 5 கிராம்.

பதிவு: ஸ்டீரியோவாக, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். தட்டு மோனோ என்று மோனோவாக எடுக்காதீர்கள். இடச்சுவர், வலச்சுவர் தேய்மானம் வேறு வேறு. கேட்டுப் பார்த்து நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் ஒரே தரம் என்றால் கூட்டுங்கள், மேலும் கீழும் ஆடுவதால் வரும் உறுமல் தன்னால் அடிபடும்.

பிறகு: உங்கள் ப்ரீஆம்ப் (முள்ளின் சிறு ஒலியைப் பெருக்குவது) ஆர்ஐஏஏ வளைவு (எல்பிக்கான ஒலிச்சமன் திருத்தம்) போடுவதாக இருந்தால் முதலில் அதைத் தலைகீழாகப் போட்டு நீக்குங்கள். அந்த வளைவு 1954-இல் வந்தது. அதற்கு முந்தைய தட்டுக்குச் சம்பந்தமில்லை, 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபெல் வெட்டும். நீக்கியதும் கிளிக்குகள் கூராகும், அப்போது கிளிக் நீக்கியை ஓட்டினால் அது சரியாகப் பிடிக்கும். அப்புறம்தான் வேகத் திருத்தம். 78 இல்லாத மேடையில் 45-இல் ஓட்டியிருந்தால் 1.733-ஆல் வேகப்படுத்துங்கள். வேகம் மாற்றிய பிறகு ஆர்ஐஏஏ நீக்கினால் வளைவு தப்பான அலைவரிசையில் விழும். கடைசியில் 250 முதல் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் பேஸ் ஏற்றம். 1925-க்கு முந்தைய குழல் பதிவுக்கு (மைக் இல்லாமல் குழலுக்குள் பாடிப் பதிந்தது) அந்த ஏற்றமும் வேண்டாம்.

மின்பதிவா குழல் பதிவா என்று தெரியவில்லையா? விக்டர் தட்டின் வெற்றுப் பகுதியில் முட்டை வடிவத்துக்குள் 'விஈ' எழுத்து இருந்தால் மின்பதிவு.

#9 சுத்தஒலி
சரி, நகச்சத்தம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஹெட்போனில் முழு இரைச்சலோடு கேட்கச் சொன்னால் புதிதாக வருகிறவர் ஓடிவிடுவார். கொஞ்சமாவது குறைக்கத்தான் வேண்டும்.

#10 முள்முனை
கொஞ்சம் குறைப்பதற்கு ஆட்சேபம் இல்லை. 7000 ஹெர்ட்ஸுக்கு மேல் மெதுவாகச் சரியவிடுங்கள். 4000-இல் சுவர் எழுப்பாதீர்கள்.

#11 வெள்ளமும்_வயலும்
தட்டுகளின் விற்பனை எண்ணைப் பாருங்கள். ஓக்கே கம்பெனியில் 8000 வரிசை கறுப்பர்களுக்கு, 45000 வரிசை வெள்ளைக் கிராமத்தாருக்கு. கொலம்பியாவில் 14000, 15000. இசையில் இல்லாத சுவரைக் கட்டியது இந்தப் பட்டியல் எண்கள். 'ப்ளூஸ்' என்றும் 'கன்ட்ரி' என்றும் இன்று நாம் சொல்வதன் எல்லைக்கோட்டை நிறையவே வரைந்தது விற்பனைப் பிரிவுதான்.

கன்ட்ரி இசைக்குழுவான கார்ட்டர் குடும்பத்தை எடுங்கள். ஏ. பி. கார்ட்டர் மலைக்கிராமங்களில் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். மெட்டை மனதில் வாங்கிக்கொண்டு வந்தது அவர், தட்டில் பெயர் ஏ. பி.-க்கு. கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் பதிந்த 'ப்ளூ யோடல் 9'-இல் டிரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங்.

பணக்கணக்கும் பாட்டை மாற்றியது. பதிவுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் விக்டர் கம்பெனியிடம் சம்பளமே வாங்கவில்லை; பாட்டுரிமை தன் கையில் இருந்தால் போதும் என்றார். பழைய நாட்டுப்பாட்டை அப்படியே பதிந்தால் உரிமை கிடைக்காது. அதனால் வரி மாற்று, அடி சேர், 'புதுசு' ஆக்கு. 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை பிரிஸ்டலில் ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் 19 குழுக்கள், 76 பதிவுகள். கார்ட்டர் குடும்பமும் ராட்ஜர்ஸும் அங்கேதான் முதலில் பதிந்தார்கள். நாட்டுப்புற மரபின் கருவூலம் என்று கொண்டாடுகிறோம். அது பாதி மரபு, பாதி பதிப்புரிமைச் சட்டம்.

பாட்டு மூன்று நிமிடம் என்பதும் பத்து அங்குலத் தட்டின் கொள்ளளவு. இரவு முழுக்க ஆடுகிறவர்களுக்கு இருபது நிமிடம் நீளும் பாட்டு, தட்டில் ஆறேழு சரணமாகச் சுருங்கியது. பின்னால் வந்தவர்கள் அந்த ஆறேழு சரணத்தையே 'பாட்டு' என்று மனப்பாடம் செய்தார்கள்.

#12 குழல்
பின்னாளின் பாதிப்புக்கு ஒரு துல்லியமான உதாரணம்: கேன்ட் ஹீட் என்ற ராக் குழு 1968-இல் போட்ட 'கோயிங் அப் தி கன்ட்ரி'. அந்தப் புல்லாங்குழல் இழை 1928-இல் டெக்சஸின் ஹென்றி தாமஸ் 'புல் டோஸ் ப்ளூஸ்'-இல் ஊதிய நாணல் குழலின் சுரத்துக்குச் சுரம் பிரதி. அவர் ஊதியது குவில்ஸ் என்ற நாணல் குழல் கொத்து. கழுத்தில் கம்பி வைத்து மாட்டிக்கொண்டு கிதாரும் சேர்ந்து வாசிப்பார். ஹார்மோனிகா ஊரெங்கும் மலிவாகக் கிடைத்ததும் குவில்ஸ் போனது. தட்டு இல்லையென்றால் அந்த ஒலியே நமக்குத் தெரிந்திருக்காது.

லெட் ஸெப்பலினின் 'வென் தி லெவி பிரேக்ஸ்' (1971) என்பது கன்சாஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி 1929-இல் பதிந்தது. விஷயம் 1927 மிசிசிப்பி வெள்ளம். ஒப்பிட்டுக் கேட்டால் வரிகள் வந்திருக்கின்றன, கிதார் வரவில்லை என்று தெரியும். மின்னியின் இரட்டைக் கிதார்ப் பின்னலை யாரும் தொடவில்லை, அதுதான் அந்தத் தட்டின் உயிர்.

#13 ஆறுகம்பி
ஒரு சந்தேகம். சிறையில் இருந்த பாடகர் லெட் பெல்லி பாட்டுப் பாடி ஆளுநரிடம் விடுதலை வாங்கினார் என்பது உண்மைதானே? நாட்டுப்பாட்டுச் சேகரிப்பாளர் லோமாக்ஸ் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாரே.

#14 ஒன்பதாம்_டேக்
இரண்டு கதை கலந்துவிட்டது. டெக்சஸில் ஆளுநர் பாட் நெஃப் 1925-இல் மன்னிப்புக் கொடுத்தது உண்மை, பாட்டுக் கேட்டதும் உண்மை. லூசியானாவின் அங்கோலா சிறையில் ஜான், ஆலன் லோமாக்ஸ் இருவரும் 1933-இலும் 1934-இலும் பதிந்தார்கள். 1934 ஆகஸ்டில் அவர் வெளியே வந்தது நன்னடத்தைத் தண்டனைக்குறைப்பில். சிறை நிர்வாகமே அப்படித்தான் எழுதிவைத்திருக்கிறது. பத்திரிகைக்கு முதல் கதைதான் இனித்தது.

லோமாக்ஸ் பதிவுகளின் ஒலி ஏன் வேறு மாதிரி என்றால், அது மெழுகு அல்ல. ஃபோர்டு காரின் பின்பகுதியில் 315 பவுண்டு எந்திரம், பேட்டரியில் ஓடும், அலுமினியத் தட்டில் அழுத்தி எழுதும். பேட்டரி இறங்கினால் வேகம் இறங்கும். அப்படிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். #2-இல் சொன்ன முதல் கார்டு, கடைசிக் கார்டு சோதனை இங்கேதான் அதிகம் தேவைப்படும்.

1941 ஆகஸ்டில் ஸ்டோவல் பண்ணையில் ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸை லோமாக்ஸ் பதிந்ததும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காகத்தான். அதில் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் இருந்தார் என்பதைப் பல சிறுநூல்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அந்த ஆய்வைத் தொடங்கக் காரணமே அவர் பக்கத்து யோசனை. கையெழுத்துப் பிரதி தொலைந்து 2005-இல்தான் அச்சேறியது.

#15 அரக்கு
இறக்கிக்கொள்ள நினைப்பவர்களுக்கு: அமெரிக்கச் சட்டப்படி (2018 திருத்தம்) 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுக்கு 100 ஆண்டு. 1923-இல் வந்தது 2024 ஜனவரி 1-இல் திறந்தது. பிரிஸ்டல் தட்டுகளில் 1927-இல் விற்பனைக்கு வந்தவை 2028 ஜனவரி 1-இல் திறக்கும். ஜான்சனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இது ஒலிப்பதிவுக்கு மட்டும், பாட்டின் உரிமை தனிக்கணக்கு.

#16 ஆறுகம்பி
பேட்டனின் 1929 ஜூன் ரிச்மண்ட் (இண்டியானா) பதிவுகளில் பியானோ இல்லையே, முள்முனை சொன்ன சோதனையை எதில் வைத்துச் செய்வது?

#17 முள்முனை
பேட்டனிடமே தேடாதீர்கள். ரிச்மண்ட் ஸ்டுடியோ ஜென்னட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துடையது, அதை நடத்தியது ஸ்டார் பியானோ கம்பெனி. பியானோக் கம்பெனியின் ஸ்டுடியோவில் பியானோத் தட்டுக்கா பஞ்சம்? அந்த வாரத்து மேட்ரிக்ஸ் எண்களைச் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தின் இசைத்தட்டு அட்டவணையில் பாருங்கள், பியானோ உள்ளதை எடுத்து ஏ-வை 440-க்கு வைத்துப் பாருங்கள். வந்த விகிதத்தைப் பேட்டனுக்குப் போட்டுவிட்டு ஸ்பானிஷில் கேப்போவை மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒரு ஃபிரெட்டில் நச்சென்று உட்கார்ந்தால் சரி. இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவே விழுந்தால், அவர் கிதாரை அவர் இஷ்டத்துக்குச் சேர்த்திருக்கிறார். உங்கள் கம்பியைத்தான் திருக வேண்டும்.